கொரோனா வந்து போன மகனுக்கு ஆன்டிபாடி 250-க்கு மேல் இருக்கிறது: தடுப்பூசி இன்னும் தேவையா?

பூங்கோதை, பொள்ளாச்சி | 2022 ஜூன் 15

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குக் கடந்த மார்ச் மாதம் 13 வயது நிறைந்தது. இளையவளுக்கு வயது 9. பொங்கல் முடிந்த வாரத்தில் என் கணவருக்குக் காய்ச்சல் தொடங்கி, அடுத்தடுத்து வீட்டில் நான்கு பேருக்கும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் கொரோனா உறுதியானது. மகனுக்கு மூன்று நாள் நல்ல காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தன. மகள் இரண்டு நாள் தும்மியதோடு சரி. பரிசோதனை செய்யாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தொற்று வந்தது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

மார்ச் இறுதியில் மகனுடைய பள்ளியில் கோர்பிவேக்ஸ் என்னும் கொரோனா தடுப்பூசி முகாம் நடந்தபோது, தொற்று வந்து மூன்று மாதம் நிறையவில்லை என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஆண்டுத் தேர்வு, கோடை விடுமுறை என்று நாள் ஓடிவிட்டது. திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர் தடுப்பூசிச் சான்றிதழின் நகலைக் கேட்டிருக்கிறார். என் நாத்தனாரோ, முதலில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க இரத்தத்தில் உண்டாகும் புரதம்) எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், நிறைய இருந்தால் ஊசி வேண்டாம் என்றார். அவர் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் தனியார் ஆய்வகமொன்றில் இரத்தம் கொடுத்தோம். மகனுக்கு ‘250-க்கு மேல்’ என்றும், மகளுக்கு 14 என்றும் அறிக்கை வந்திருக்கிறது. 0.8-ஐத் தாண்டினாலே பாசிட்டிவ் என்று தாளின் அடியில் அச்சிட்டிருக்கிறார்கள்.

ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், ஒரே கிருமியால் தொற்று கண்ட இரண்டு பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? மகனுக்கு இவ்வளவு இருக்கும்போது ஊசி போடுவது வீணா, அல்லது கெடுதலா? மகளுக்கு 14 தான் இருக்கிறது என்று நான் கவலைப்பட வேண்டுமா? பதினைந்து வயதுக்கு மேற்பட்ட என் அக்காள் மகனுக்குக் கோவேக்சின் போட்டார்கள்; அதையே என் மகனுக்கும் கேட்டு வாங்க முடியுமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

செந்தில்வேலன், ஓசூர் | 2022 ஜூன் 15

சகோதரி, நான் மருத்துவன் அல்லன். கிடைக்கும் ஆய்வுகளைப் படித்துப் பார்க்கும் பழக்கம் உள்ள ஒரு பொறியாளன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 5 முதல் 19 வயது வரையுள்ள 218 பேரைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கட்டுரை, இவ்வாண்டு மார்ச் மாதம் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. தொற்றுக்கு ஆளான பிள்ளைகளில் 96 விழுக்காட்டினருக்கு ஏழு மாதம் வரை ஆன்டிபாடி நீடித்திருக்கிறது. நோய் கடுமையாக வந்ததா, அறிகுறியே இல்லாமல் வந்ததா, பிள்ளை குண்டா ஒல்லியா என்பதெல்லாம் அதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. உங்கள் மகனுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. அளவும் கருவியின் உச்சியைத் தொட்டு நிற்கிறது. இயற்கை கொடுத்த பாதுகாப்பு கையில் இருக்கும்போது, சான்றிதழுக்காக ஒரு ஊசியைப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிரிட்டன் அரசே சிறு பிள்ளைகளுக்கான தடுப்பூசியை ‘அவசரமற்றது’ என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது.

மாதேஸ்வரன், சேலம் | 2022 ஜூன் 15

நான் இருபது ஆண்டுகளாக ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். ஊசி போடலாமா கூடாதா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். உங்கள் கையில் இருக்கும் அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலாவது, 250 என்பது உங்கள் மகனுடைய அளவே அன்று. அந்தக் கருவி, இரத்தத் தெளிநீரை நீர்க்கச் செய்யாமல் நேரடியாக அளக்கும்போது எட்டக்கூடிய உச்சவரம்பு அது. அதற்கு மேல் போனால் எல்லாருக்கும் ‘250-க்கு மேல்’ என்றே அச்சாகும். உண்மையில் அது 260-ஆகவும் இருக்கலாம், 6,000-ஆகவும் இருக்கலாம். வீட்டு எடைப்பொறியில் நூறு கிலோவோடு முள் நின்றுவிடுவது போலத்தான் இது. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் கருவியில் வந்த எண்ணை வேறொரு நிறுவனத்தின் கருவியில் வந்த எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவுகோலை நிறுவியது; என்றாலும் எல்லா ஆய்வகங்களும் அந்த அலகில் அறிக்கை தருவதில்லை.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. நீங்கள் செய்திருப்பது, வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கும் பரிசோதனை. ஆன்டிபாடி வந்து பற்றிக்கொள்வதற்காக அதில் வைத்திருக்கும் இரைப்பொருள், 2020-இல் முதன்முதலாகப் பரவிய மூல வைரஸின் ஸ்பைக் புரதத்தைப் பார்த்துச் செய்தது. இந்த ஜனவரியில் பரவிய உருமாறிய வைரஸான ஒமைக்ரானின் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மாற்றம் இருப்பதால், ஒமைக்ரான் மட்டுமே வந்த ஒருவரின் ஆன்டிபாடிகள் இந்தப் பழைய இரையை அரைகுறையாகத்தான் பற்றும். ஆகவே ஜனவரியில் முதன்முறையாகத் தொற்று கண்ட ஒரு பிள்ளைக்கு 14 என்று வருவது எங்களுக்கு வியப்பான செய்தி அன்று. உங்கள் மகனுடைய 250-தான் என்னை யோசிக்க வைக்கிறது. 2021 கோடையில், டெல்டா அலையில், யாருக்கும் தெரியாமல் அவனுக்கு ஒரு முறை தொற்று வந்து போயிருந்தால் இப்படிப்பட்ட எண் வருவது எளிது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கோவேக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. அதைப் போட்டுக்கொண்டவருக்கு வைரஸின் உள்ளிருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கும் ஆன்டிபாடி உண்டாகலாம். கோர்பிவேக்ஸில் இருப்பதோ ஸ்பைக்கின் ஒரு துண்டு மட்டுமே. அதனால் கோர்பிவேக்ஸ் போட்ட பிள்ளைக்குப் பிற்பாடு நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி தென்பட்டால் அது தொற்றினால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். கோவேக்சின் போட்டவருக்கு அப்படிப் பிரிக்க இயலாது.

இந்தப் பரிசோதனையால் எங்களுக்கு வருமானம் உண்டு. இருந்தும் சொல்கிறேன், தடுப்பூசி போடுவதா என்று முடிவு செய்ய இது தேவையில்லை. ஒருவருக்கு இருக்கும் பாதுகாப்பை மதிப்பிட ஆன்டிபாடி பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 மே மாதமே அறிவுறுத்திவிட்டது.

வைகைக்கரை மருத்துவர், மதுரை | 2022 ஜூன் 16

குழந்தைநல மருத்துவராக இருக்கிறேன். இதே அறிக்கைத் தாளோடு கடந்த இரண்டு வாரங்களில் என்னிடம் வந்த பெற்றோர் பலர் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சேலத்து நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பி-க்கு ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லி அலகு ஆன்டிபாடி இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு வரம்பு இருக்கிறது. கொரோனாவுக்கு அப்படி ஒரு வரம்பு இதுவரை வகுக்கப்படவில்லை. எனவே 14-ஐ ஆபத்து என்றோ 250-ஐக் கவசம் என்றோ நான் சொல்வதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

ஒரே வீட்டில் ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டிருந்தீர்கள். முந்தைய தொற்று ஒரு காரணமாக இருக்கலாம். மற்றொன்று, சிறு பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் முதற்கட்ட எதிர்ப்பு மிக விரைவாக வேலை செய்து கிருமியை வாசலிலேயே மடக்கிவிடுவது. சண்டை அங்கேயே முடிந்துவிட்டால், ஆன்டிபாடி உண்டாக்கும் அடுத்த கட்டத்துக்குப் போதிய தூண்டுதல் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2020-இல் இலேசான நோயோடு வந்தவர்களைச் சோதித்தபோது, பெரியவர்கள் 42 பேரில் 32 பேருக்கு ஆன்டிபாடி உண்டாகியிருந்தது. பிள்ளைகள் 54 பேரில் 20 பேருக்கு மட்டுமே உண்டாகியிருந்தது. இத்தனைக்கும் இரு சாராரின் மூக்கிலும் இருந்த வைரஸின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். நோய் இலேசாகக் கடந்து போனது நல்ல செய்தி. ஆனால் அப்படிப் போன தொற்று பின்னாளுக்கென்று அதிகம் சேமித்து வைத்திருக்காது.

இப்போது மகனைப் பற்றிப் பேசுவோம். ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எந்தெந்த உருமாறிய வைரஸைச் செயலிழக்கச் செய்யும் என்பது வேறு கேள்வி. பாஸ்டன் சிறார் மருத்துவமனையைச் சேர்ந்த ஏட்ரியன் ராண்டால்ஃப் உள்ளிட்டோரின் ஆய்வு கடந்த மாதம்தான் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தது. கடும் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 62 பேர், எம்.ஐ.எஸ்.-சி. என்னும் பல்லுறுப்பு அழற்சியோடு வந்தவர்கள் 65 பேர், இலேசான நோயிலிருந்து மீண்டவர்கள் 50 பேர் என்று மொத்தம் 177 பேரின் இரத்தத்தை எடுத்து, ஆல்ஃபா முதல் ஒமைக்ரான் வரை ஐந்து உருமாற்றங்களோடும் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஒமைக்ரானைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி, அவர்களில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே இருந்தது. இரண்டு தவணை தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகளின் இரத்தமோ ஐந்து உருமாற்றங்களுக்கு எதிராகவும் கூடுதலான திறனைக் காட்டியது.

இதை உங்கள் மகனுக்கு நேரடியாகப் பொருத்திவிடக் கூடாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்குத் தொற்று வந்தது 2020-இலும் 2021-இன் தொடக்கத்திலும். உங்கள் மகனுக்கு வந்தது ஒமைக்ரான் கோலோச்சிய ஜனவரியில். ஆனால் எதிர்த்திசையிலும் இதே சிக்கல் இருக்கிறது. தடுப்பூசி போடாதவருக்கு ஒமைக்ரான் மட்டும் வந்தால், உண்டாகும் ஆன்டிபாடி பெரும்பாலும் ஒமைக்ரானோடு நின்றுவிடுகிறது. மற்ற உருமாற்றங்களுக்கு எதிராக அதன் பிடி தளர்வாக இருக்கிறது. அடுத்து வருவது எந்தக் கிளையிலிருந்து வரும் என்பது யார் கையிலும் இல்லை. ஒரு தொற்றும் அதன் மேல் ஒரு தடுப்பூசியும் சேரும்போது, முன்பு பார்த்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு அணுக்கள் மீண்டும் தூண்டப்பட்டு, முன்பைவிட அகலமான வகைகளைப் பற்றக்கூடிய ஆன்டிபாடிகளை உண்டாக்குகின்றன. தொற்று வந்து போனவர்களுக்கும் ஊசி போடுவதன் பயன் இதுதான். இருப்பதன் மேல் அது கட்டுகிறது, இருப்பதைக் கெடுப்பதில்லை.

மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வது எதற்கென்றும் பலர் கேட்கிறார்கள். தொற்று முடிந்த பிறகும் நிணநீர் முடிச்சுகளில் நினைவு அணுக்கள் பல மாதங்கள் பண்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த வேலை பாதியில் நிற்கும்போது, இரத்தம் நிறைய ஆன்டிபாடி மிதக்கும் நேரத்தில் ஊசியைப் போட்டால், ஊசியிலுள்ள புரதத்தை அந்த ஆன்டிபாடியே மூடிவிடும், பலன் குறையும். நமது சுகாதார அமைச்சகம் 2021 மே மாதம் முதல் இந்த இடைவெளியைக் கடைப்பிடிக்கச் சொல்கிறது. பள்ளி முகாமில் உங்கள் மகனைத் திருப்பி அனுப்பியவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இப்போது ஐந்து மாதம் ஆகிவிட்டதால் தாராளமாகப் போடலாம்.

12 முதல் 14 வயது வரையிலானவர்களுக்கு அரசுத் திட்டத்தில் கோர்பிவேக்ஸ் மட்டுமே கொடுக்கப்படுகிறது. கோவேக்சின் கேட்டாலும் கிடைக்காது, கேட்கத் தேவையும் இல்லை. கோர்பிவேக்ஸ் புது மாயம் எதுவும் அன்று. ஈஸ்ட் அணுக்களில் ஒரு புரதத்தை வளர்த்துப் பிரித்தெடுக்கும் முறை, உங்கள் பிள்ளைகள் பிறந்தபோது போட்ட ஹெபடைடிஸ் பி ஊசியிலேயே இருக்கிறது. 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணைகள்.

மகளுக்கு இப்போது எதுவும் செய்ய வேண்டாம். ஐந்து வயதுக்கு மேல் கோர்பிவேக்ஸுக்கும் ஆறு வயதுக்கு மேல் கோவேக்சினுக்கும் ஏப்ரல் மாதம் அவசரகால அனுமதி கிடைத்திருந்தாலும், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கான திட்டத்தை அரசு தொடங்கவில்லை. அவளுக்குப் பத்து வயது வரும்போது போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்) ஊசியை மறந்துவிடாமல் போடுங்கள். இந்த இரண்டு ஆண்டுக் குழப்பத்தில் வழக்கமான ஊசிகளைத் தவறவிட்ட பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கொரோனா ஆன்டிபாடி குறைவாக இருப்பதைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

செந்தில்வேலன், ஓசூர் | 2022 ஜூன் 16

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஆய்வகக் குடுவையில் ஒமைக்ரானைச் செயலிழக்கச் செய்யவில்லை என்பதும், பிள்ளைக்குக் கடும் நோய் வரும் என்பதும் ஒன்றல்லவே. டி-அணுக்கள் என்ற இன்னொரு படை இருக்கிறது என்று நான் படித்திருக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊசியே இல்லாமல் இந்த நோயைக் கடந்துவிட்டார்கள் என்பதும் கண்கூடு. கோர்பிவேக்ஸ் பிள்ளைகளுக்கு நோயைத் தடுத்ததா என்று நேரடியாகப் பார்த்த பெரிய ஆய்வும் இல்லை.

வைகைக்கரை மருத்துவர், மதுரை | 2022 ஜூன் 16

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். டி-அணுக்கள் உருமாற்றங்களால் எளிதில் ஏமாறுவதில்லை. கடும் நோயைத் தடுப்பதில் அவற்றின் பங்கு பெரிது. ஆரோக்கியமான பிள்ளை ஒன்றுக்குக் கொரோனாவால் உயிராபத்து நேரும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் உண்மை. ஊசி போடாவிட்டால் விபரீதம் என்று நான் எந்தப் பெற்றோரையும் மிரட்டுவதில்லை. பிள்ளைகளுக்கான நம் நாட்டுத் தடுப்பூசிகளின் அனுமதி, பெரியவர்களுக்கு உண்டான ஆன்டிபாடி அளவோடு ஒப்பிட்டுக் கொடுக்கப்பட்டது என்பதும் சரி. உதாரணமாக, 2 முதல் 18 வயது வரையிலான 526 பேரிடம் கோவேக்சினைச் சோதித்தபோது, வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி பெரியவர்களுக்கு உண்டானதைவிட 1.7 மடங்கு இருந்தது. இது மறைமுகச் சான்றுதான். ஆயினும் சான்று இல்லாமை அன்று.

‘இயற்கை கொடுத்த பாதுகாப்பு கையில் இருக்கிறது’ என்ற சொல்லில்தான் நான் வேறுபடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலை மாதங்களில் 70 மாவட்டங்களில் எடுத்த நான்காவது இரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 விழுக்காட்டினருக்கும் ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தது. தடுப்பூசி பிள்ளைகளை எட்டாத காலம் அது. எல்லாம் தொற்றினால் வந்தவை. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அந்தச் சேமிப்பு இருந்தும், ஆறே மாதத்தில் ஒமைக்ரான் பள்ளிகளை மூடவைத்தது. டெக்சாஸ் ஆய்வில் 96 விழுக்காட்டினருக்கு நீடித்ததாக நீங்கள் சொன்ன ஆன்டிபாடியும் ஒமைக்ரானுக்கு முந்தைய தொற்றுகளால் உண்டானதே. அது ‘இருக்கிறது’ என்பதைத்தான் அந்த ஆய்வு அளந்தது. அதே கட்டுரையின் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுமாறுதான் பெற்றோருக்குச் சொன்னார்கள்.

யாழினி, ஹரோ, லண்டன் | 2022 ஜூன் 17

பிரிட்டன் பற்றிப் பேச்சு வந்தபடியால் நானும் எழுதுகிறேன். இங்கே தடுப்பூசிக்கான கூட்டுக் குழு, கடந்த பெப்ரவரியில் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கான ஊசியை ‘அவசரமற்ற வாய்ப்பு’ என்று சொன்னது உண்மைதான். அந்த வயதுப் பிள்ளைகளில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு ஜனவரி முடிவதற்குள் தொற்று வந்து போயிருக்கும் என்று கணக்கிட்டே அப்படிச் சொன்னார்கள். ஆனால் அதே குழுதான், இனி வரக்கூடிய அலையில் கடும் நோயைத் தவிர்ப்பதற்காக அந்த ஊசியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கச் சொன்னது. ‘அவசரமில்லை’ என்ற சொல்லை ‘தேவையில்லை’ என்று செந்தில்வேலன் அண்ணா படித்துவிட்டார் போலும்.

என்னுடைய மகனுக்குப் பத்து வயது. அவனுக்கும் ஜனவரியில்தான் தொற்று வந்தது. தொற்று வந்த, வேறு நோய் இல்லாத பிள்ளைகளுக்கு இங்கே 12 கிழமை கழித்தே ஊசி ஏற்றுகிறார்கள். இங்கே ஏற்றுவது ஃபைசர். இளம் பையன்களுக்கு மிக அரிதாக வரும் இதயத்தசை அழற்சியைக் கருதி இடைவெளியைக் கூட்டுவது நல்லது என்பதும் அதற்கொரு காரணம். கோர்பிவேக்ஸ் அந்த வகை ஊசி அல்லாதபடியால் அந்தப் பயத்தைப் பூங்கோதை அக்கா இங்கிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஏப்ரல் நடுவில் அவனுக்கு ஏற்றினோம்; பெரியவர்களின் அளவில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு நாள் கை நோவு என்றான், பிறகு விளையாடப் போய்விட்டான். ஆன்டிபாடி பார்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்டேன். அந்த எண்ணை வைத்து நான் எதையும் மாற்றப் போவதில்லை, பிறகு எதற்குப் பிள்ளையின் கையில் இன்னொரு முறை குத்துவான் என்றார்.

இளங்கோ, திருச்சி | 2022 ஜூன் 17

மேலே எம்.ஐ.எஸ்.-சி. என்ற சொல்லைப் பார்த்ததால் எழுதுகிறேன். என் மகளுக்கு அது வந்தது. 2021 மே மாதம் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா வந்தபோது அவளுக்கு வெறும் ஜலதோஷம்தான். நான்கு வாரம் கழித்து, ஜூன் மாதத்தில், திடீரென்று விடாத காய்ச்சல், வயிற்றுவலி, சிவந்த கண்கள், உடம்பெல்லாம் தடிப்பு. டைபாய்டு என்று நினைத்து இரண்டு நாளை இழந்தோம். பிறகு எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் துடிப்புத்திறன் குறைந்திருந்தது. ஐ.வி.ஐ.ஜி. என்னும் இம்யூனோகுளோபுலினையும் ஸ்டீராய்டையும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். கிலோவுக்கு இரண்டு கிராம் என்ற கணக்கில், அவளுடைய நாற்பது கிலோ எடைக்கு ஐந்து கிராம் குப்பிகள் பதினாறு ஏறின.

இதில் ஆன்டிபாடி சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். அந்தக் குப்பிகளில் இருப்பதே ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகள். அதனால், அது ஏறிய பிறகு சில மாதங்களுக்கு எந்த ஆன்டிபாடி பரிசோதனை செய்தாலும், வருவது பிள்ளையினுடையதா கொடையாளியினுடையதா என்று சொல்ல முடியாது. நான் ஆகஸ்டில் ஆசையாகப் பார்த்துவிட்டு, அளவு நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். எங்கள் மருத்துவர் சிரித்துவிட்டார். இரண்டாவது, உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை அந்த ஆன்டிபாடிகள் வேலை செய்ய விடாது என்பதால் 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். மகளுக்குப் பாக்கியிருந்த சின்னம்மையின் இரண்டாம் தவணையை இந்த மே மாதம்தான் போட்டோம். கொரோனா ஊசிகள் உயிருள்ளவை அல்ல. ஆகவே அவற்றுக்கு இந்தத் தடை கிடையாது. முழுமையாகக் குணமாகி, இதயம் பழைய நிலைக்குத் திரும்பி, குறைந்தது 90 நாள் கடந்திருந்தால் போதும் என்றார்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திட்டம் தொடங்கிய இந்த ஜனவரியில், எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுக் கோவேக்சின் போட்டோம்.

ஊசி போட்டால் அந்த அழற்சி மறுபடி கிளம்புமோ என்று பயந்து, இரவெல்லாம் விழித்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வைகைக்கரை மருத்துவர், மதுரை | 2022 ஜூன் 17

இளங்கோ அவர்கள் எழுதியதைப் படிக்கும் பெற்றோர் பயந்துவிட வேண்டாம், எம்.ஐ.எஸ்.-சி. அரிதான ஒன்று. ஆனால் அது இலேசான தொற்றுக்குப் பிறகும், இரண்டு முதல் ஆறு வாரங்கள் கழித்து வரக்கூடியது என்பதற்கு அவருடைய மகள் சாட்சி. 12 முதல் 18 வயதினர் குறித்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இவ்வாண்டு ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், இரண்டு தவணை ஃபைசர் ஊசி இந்த அழற்சிக்கு எதிராக 91 விழுக்காடு பலன் தந்தது. அங்கே அதற்காக அனுமதிக்கப்பட்ட 102 பேரில் 97 பேர் ஊசி போடாதவர்கள். வேறு ஊசி, டெல்டா காலம் ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் இந்த எண்ணை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூங்கோதை, பொள்ளாச்சி | 2022 ஜூன் 20

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மாதேஸ்வரன் அண்ணா சொன்னதைப் படித்த பிறகு, கடந்த ஆண்டு மே மாதம் மகன் இரண்டு நாள் சோறு வேண்டாம், சாம்பார் வாசனையே தெரியவில்லை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அடம் பிடிக்கிறான் என்று அப்போது திட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தவணை போட்டுவிட்டோம். ஒரு குப்பியில் இருபது பேருக்கான மருந்து இருப்பதால், பிள்ளைகள் சேரும் வரை ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றிரவு உடம்பு கொஞ்சம் சுட்டது. பாரசிட்டமால் ஒன்றோடு சரியாகிவிட்டது. ஜூலை 16-ஆம் தேதிக்கு மேல் இரண்டாம் தவணை என்று அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. மகளுடைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துச் செவிலியரிடம் காட்டினேன். ஐந்து வயதில் போட்டிருக்க வேண்டிய டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) ஊக்க ஊசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. ஏழு வயதைத் தாண்டிவிட்டதால் இனி டி.பி.டி. போட முடியாது, அதற்குப் பதிலாக டி.டி. போடலாம் என்று சொல்லி, புதன்கிழமை அவளை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.